சாரல் காலத்தில் வேனுக்குள் பூத்த பூசணம்

செங்கோட்டையில் ஜூனில் சாரல் தொடங்கினால் ஈரம் லேசில் விடாது. மூடியே கிடந்த எங்கள் கேம்பர் வேனில் (உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) மெத்தையின் அடிப்பக்கம், பிளைவுட், கூரைத் துணி எல்லாம் கரும்பச்சையாகப் பூத்துவிட்டது.

காய்ந்த பூசணத்தைத் தட்டிவிடக் கூடாது. வித்துகள் வண்டி முழுக்கப் பறக்கும். முகக்கவசம், கையுறை போட்டு, கதவுகளைத் திறந்துவைத்து, வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்தேன். ஒரு மணி நேரம் ஊறியதும் ஈரத்துணியால் துடைத்தேன். ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிக்கச் சொன்னார். கண்ணாடிக்கு அது சரி. மரத்துக்குள் இறங்கிய பூசணத்தை எட்டாது, தகரத்தையும் அரிக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வேறு கிளம்பும்!

மெத்தை ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டாச்சு. அதற்குள் போனதை எடுக்க வழியில்லை.

அப்புறம் வெயிலைத் தேடி வண்டியைக் கிழக்கே ஆலங்குளம் பக்கம் ஓட்டிப்போய், கதவெல்லாம் திறந்து காயவைத்தேன். சாரல் அந்தப் பக்கம் குறைவு.

கேஸ் அடுப்பு எரிந்தாலே நீராவி வரும். நம் மூச்சிலும் ஈரம்தான். இரண்டும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிவிடும். அதனால் சமைக்கும்போது கூரை ஃபேன் ஓடுகிறது. புது மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் அடித்திருக்கிறேன்.