நன்றாகப் படிக்கிற பிள்ளைக்காகப் பள்ளியில் எப்படிப் பேசுவது?

"அவளுக்கென்ன, தானாவே படிச்சுக்குவா." பாராட்டுப் போலத்தான் கேட்கும். ஆனால் இப்படிச் சொல்லியே அந்தப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வேகமாக ஓடுகிற பிள்ளைக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிற அதே பள்ளி, கணக்கில் வேகமாகப் போகிறவளை மற்றவர்கள் வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும்.

முதல் விஷயம், "என் பிள்ளைக்கு வகுப்பு போரடிக்கிறது" என்று போய் நிற்காதீர்கள், ஆசிரியர் காதில் அது அவரைப் பற்றிய புகாராகத்தான் விழும். அதற்குப் பதிலாக, பாடம் முடிந்ததும் வைக்கும் தேர்வை இவளுக்கு மட்டும் பாடம் தொடங்கும் முன்பே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது தெரியாதோ அதை மட்டும் நடத்தினால் போதும், மிச்ச நேரம் அவளுக்குக் கிடைக்கும்.

ஆனால் சொந்த வகுப்புக் கேள்வித்தாளில் நூற்றுக்கு நூறு வாங்கினால், அவள் எவ்வளவு முன்னால் இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. ஒரு வருடம் முன்னால் இருப்பவளும் நான்கு வருடம் முன்னால் இருப்பவளும் அங்கே ஒரே மதிப்பெண்தான். உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி கணக்குத் தேர்வை வைத்தது இதனால்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், இரண்டு வகுப்பு மேலே உள்ள கேள்வித்தாள் ஒன்று போதும்.

ஐக்யூ (நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்) எண் ஒன்றையே பிடித்துத் தொங்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன், ஐக்யூ அதிகமான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து 1921இல் தொடங்கிய ஆய்வில் மதிப்பெண் போதவில்லை என்று கழித்துவிட்ட பிள்ளைகளில் ஷாக்லி, அல்வாரெஸ் இருவரும் பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். (தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை!)

அப்புறம் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். வேண்டியது கூடுதல் வேலை இல்லை, வேறு வேலை. பத்துக் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்தவளுக்கு அதே மாதிரி இன்னும் பத்து கொடுத்தால், அடுத்த நாளே மெதுவாகப் போடப் பழகிக்கொள்வாள், சில பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று வேண்டுமென்றே தப்பாகவும் எழுதும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் குட்டி டீச்சர் வேலையும் எப்போதாவது என்றால் சரி, தினமும் என்றால் அவள் படிப்பது எப்போது? கணக்குக்கு மட்டும் மேல்வகுப்பில் போய் உட்கார முடியுமா என்று கேளுங்கள். முழு வகுப்பையும் தாண்டுவதைவிட இதற்குப் பள்ளிகள் சீக்கிரம் இறங்கி வரும்.

"மற்ற பெற்றோரும் கேட்பார்களே" என்று தலைமையாசிரியர் இழுத்தால், ஆறு வாரம் சோதனையாகப் பார்க்கலாம் என்று சொல்லி, திரும்பச் சந்திக்கும் தேதியை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.