வேலூரில் இருந்துகொண்டே ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றைப் படிப்பது எப்படி

சுமத்திராத் தீவில் மூசி ஆற்றங்கரையில் உள்ள பாலெம்பாங்கை மையமாகக் கொண்டு 7ஆம் நூற்றாண்டில் எழுந்து, மலாக்கா நீரிணை வழியாகச் சென்ற கப்பல்களின் வணிகத்தால் செழித்த பௌத்த அரசு ஸ்ரீவிஜயம். பல நூற்றாண்டுகள் நிலைத்த இந்த அரசு தன் வரலாற்றைத் தானே எழுதிவைக்கவில்லை. அதன் சொந்தக் கல்வெட்டுகள் மிகச் சில. மற்றவை அனைத்தும் சீனத் துறவியும், வங்காளத்துப் பால மன்னரும், அரபு வணிகரும், சோழரும் தத்தம் தேவைக்காக எழுதியவை. எனவே இவ்வரலாற்றைப் படிப்பது என்பது பிறர் ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாசிப்பதேயாகும். அந்தப் பயிற்சியைத் தொடங்குவதற்கான நல்ல சான்று ஒன்று, கடலையே பாராத பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

முதலில் போளூருக்கு அருகில், வடமாதிமங்கலத்தை ஒட்டியுள்ள திருமலைக்குச் செல்லுங்கள். இன்று இது திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில் போய்த் திரும்பினால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இது சமணத் தலம். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயமும் பெரிய நேமிநாதர் உருவமும் இங்கு உள்ளன. மலைமேல் சமண உருவம் ஒன்றின் அருகே, சமமான பாறைப் பரப்பில், முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு வெட்டப்பட்டிருக்கிறது. நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி சாமுண்டப்பை அந்த ஜினாலயத்துக்கு அளித்த கொடையைப் பதிவு செய்வதே அதன் நோக்கம். ஆனால் கொடைச் செய்திக்கு முன்னால் ‘திருமன்னி வளர’ என்று தொடங்கி மன்னனின் வெற்றிகளை அடுக்கிப் புகழும் நீண்ட முன்னுரையான மெய்க்கீர்த்தி வருகிறது. நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

கல்வெட்டைப் பார்க்கக் காலை அல்லது மாலை நேரமே ஏற்றது. வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் நிழல் கொண்டு தெரியும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவக் கூடாது. இக்கல்வெட்டின் வாசகம் 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ட்ஸ் என்ற அறிஞரால் பதிப்பிக்கப்பட்டுள்ளது. அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லில் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடிச் செல்வதே தொடக்க நிலையினருக்கு எளிய வழி.

மெய்க்கீர்த்தியை இறுதி வரை படியுங்கள். ஈழம், தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காள தேசம், மயிபாலன், உத்திரலாடம் என்று வெற்றிகள் அடுக்கப்பட்டுக் கங்கையோடு பட்டியல் நின்றுவிடுகிறது. ஸ்ரீவிஜயத்தைக் குறிக்கச் சோழர் வழங்கிய கடாரம் என்ற பெயரே இல்லை. அடுத்து, அதே மன்னனின் 14ஆம் ஆட்சியாண்டிலும் அதற்குப் பின்னரும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். கங்கைக்குப் பிறகு ‘அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி’ என்ற தொடரோடு கடாரத்து வெற்றி சேர்ந்துவிடுகிறது. இராசேந்திரன் 1012இல் ஆட்சிக்கு வந்தான். அதன்படி 13ஆம் ஆட்சியாண்டு 1024–25 ஆகும். ஸ்ரீவிஜயத்தின்மேல் அவன் நடத்திய கடற்படையெடுப்பு 1025ஐ ஒட்டி நடந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவதன் அடிப்படை இதுதான். ஒரு கல்வெட்டில் ஒரு செய்தி இல்லை என்பது மட்டும் சான்றாகாது. மெய்க்கீர்த்தியைச் சுருக்கி வெட்டும் வழக்கமும் இருந்தது. ஆனால் பல ஊர்க் கல்வெட்டுகளை ஆண்டு வாரியாக அடுக்கும்போது, ஓர் ஆண்டுக்கு முன் எங்கும் காணப்படாத செய்தி, அந்த ஆண்டிலிருந்து வரத் தொடங்கினால், அந்த மௌனத்துக்கு எடை உண்டு. திருமலைப் பாறையின் மதிப்பு அது சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது.

இரண்டாவது வேலை வரைபடம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் படையெடுப்பின் முழுப் பட்டியல் இருக்கிறது. சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்ற கடாரத்து அரசனைப் பிடித்த செய்தியைத் தொடர்ந்து ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒரு பெரிய தாளில் சுமத்திராவையும் மலாய்த் தீபகற்பத்தையும் வரைந்துகொண்டு அவற்றைக் குறியுங்கள். ‘நிறைசீர் விசயம்’ என்பது பாலெம்பாங்; ‘துறைநீர்ப் பண்ணை’ சுமத்திராவின் கிழக்குக் கரை; மலையூர் அதே தீவின் ஜாம்பிப் பகுதி; இலங்காசோகமும் மாதமாலிங்கமும் தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம்; இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை; மானக்கவாரம் நிக்கோபார்; கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. இன்னும் சில பெயர்களின் இடம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றைப் பென்சிலால் மட்டும் குறிப்பது நல்லது.

குறித்து முடித்ததும் ஸ்ரீவிஜயம் எத்தகைய அரசு என்பது தானே புலப்படும். புள்ளிகள் பெரும்பாலும் கடற்கரையிலும் ஆற்று முகத்துவாரத்திலும் நிற்கின்றன. உள்நாடு ஏறத்தாழ வெறுமையாகக் கிடக்கிறது. பாட நூல்களில் ஒரே நிறம் தீட்டிய பெரிய நாடாக அதைக் காட்டும் படங்கள் எனக்கு உடன்பாடானவை அல்ல. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே ஓடின. காற்று மாறும்வரை ஏதேனும் ஒரு துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் குறுகிய நீரிணையுமே ஸ்ரீவிஜயத்தின் மூலதனம். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்றுதான் ஆக வேண்டும் என்பதைப் போல, அவ்வழியே போன கப்பல் அங்கே நின்றாக வேண்டும் என்பதே அவ்வரசின் கொள்கை. துறைமுகத்துக்குள் வராமல் கடந்துபோகும் கப்பலைப் படகுகள் சென்று தாக்கும் என்று, 1225இல் எழுதிய சீனச் சுங்க அதிகாரி சாவ் ருகுவா குறிப்பிடுகிறார். அவ்வரசுக்குக் கட்டுப்பட்ட 15 இடங்களையும் அவர் பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலைச் சோழர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

மூன்றாவதாக எழுத்து. அரக்கோணம்–காட்பாடி இருப்புப்பாதையில் உள்ள மகேந்திரவாடியில், ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த திருமால் குடைவரையும் அதன் தூணில் பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டும் உள்ளன. அதைப் பார்த்துவிட்டு, பாலெம்பாங்கில் 1920இல் கண்டெடுக்கப்பட்ட கெடுக்கான் புக்கிட் கல்லின் படத்தைப் பாருங்கள். மொழி பழைய மலாய்; எழுத்தோ பல்லவ எழுத்தின் வழி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து க, ம, ய ஆகிய எழுத்துகளின் வடிவங்களை ஒப்பிடத் தொடங்கினால் உறவு விளங்கும். அக்கல்லில் சக ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. 604 என்றும் 605 என்றும் இருவகையாக வாசிப்பதால், கி.பி. ஆண்டாக்க 78ஐக் கூட்டினால் 682 அல்லது 683 வரும். தபுந்த ஹியாங் என்ற தலைவன் 20,000 பேர் கொண்ட படையோடு புறப்பட்டு வந்து குடியிருப்பு அமைத்ததையும், ஸ்ரீவிஜயத்தின் வெற்றியையும் வளத்தையும் அது பேசுகிறது. எழுத்து பல்லவருடையதைப் போல இருப்பதால் பல்லவர் அங்கே ஆண்டனர் என்று எழுதிவிடாதீர்கள். எழுத்து வணிகரோடும் துறவியரோடும் பயணம் செய்யும். அதற்குப் படை வேண்டியதில்லை.

நான்காவதாக ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்துக்கொள்ள வேண்டும். தாங் காலச் சீன நூல்களில் ஷிலிஃபோஷி, சோங் காலத்தில் சான்ஃபோச்சி, அரபு நூல்களில் ஸாபக், சோழர் ஆவணங்களில் ஸ்ரீவிஷயம், கடாரம் என்று வருவன எல்லாம் இவ்வரசையோ அதன் பகுதிகளையோ குறிக்கின்றன. இவற்றை இணைக்காமல் இருந்ததால்தான் நெடுங்காலம் இப்படி ஓர் அரசு இருந்ததே உலகுக்குத் தெரியவில்லை. ‘ஸ்ரீவிஜய’ என்ற சொல்லை ஓர் அரசனின் பெயராகவே டச்சு அறிஞர் கெர்ன் கருதினார். அது ஒரு நாட்டின் பெயர் என்று 1918இல் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் செதேஸ்.

பௌத்தத்தைப் பற்றிய பகுதிக்கு யிஜிங் என்ற சீனத் துறவியே முதன்மைச் சான்று. 671இல் குவாங்சோவில் கப்பலேறி இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயம் வந்து சேர்ந்த அவர், ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றபின் நாளந்தாவுக்குப் போனார். அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் இருந்தனர் என்றும், இந்தியாவுக்குச் செல்லும் சீனர் முதலில் அங்கே தங்கிப் பயில்வது நல்லது என்றும் எழுதியுள்ளார். நாளந்தாவிலிருந்து திரும்பி அங்கேயே நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர், 689இல் காகிதமும் மையும் கேட்டுக் கடிதம் அனுப்பத் துறைமுகத்துக்குப் போக, காற்று வாய்த்த கப்பல் அவரையும் ஏற்றிக்கொண்டு குவாங்சோவுக்குப் போய்விட்டது. இந்தச் சிறு நிகழ்ச்சி, பருவக்காற்றின் ஆதிக்கத்தைப் பல பக்க விளக்கத்தைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

இறுதியாக ஆனைமங்கலம் செப்பேடுகள். ஹாலந்தின் லைடன் நகரில் நெடுங்காலம் இருந்ததால் லைடன் செப்பேடுகள் என்றும் வழங்கும். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுத்த பௌத்தப் பள்ளிக்கு, அதாவது விகாரத்துக்கு, இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு உரிய கொடை நிலமாக, வழங்கினான். தந்தைக்குப் பின் அதை உறுதி செய்தவன் இராசேந்திரன். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் வருவாய் அப்பள்ளிக்குச் சேர்ந்தது. அந்த இராசேந்திரனே பின்னர்க் கடாரத்தின்மேல் கப்பல் செலுத்தினான். சீன வணிகத்தில் ஏற்பட்ட போட்டியே காரணம் என்று பலர் கருதுகின்றனர். கல்வெட்டு காரணம் எதையும் சொல்லவில்லை. எனவே உங்கள் கட்டுரையில் அதைக் கருத்து என்றே எழுதுங்கள். நாகப்பட்டினத்தில் கிடைத்த ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். பள்ளியின் எச்சமாக நின்ற கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

கடாரத்தைச் சோழர் தம் மாகாணமாக வைத்து ஆண்டனர் என்று மேடையில் பேசுவோர் உண்டு. அதைச் சரிபார்க்க இரண்டு சான்றுகள் போதும். கடாரத்தை வென்று, தன் அடி பணிந்த அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாக பெரும்பேறு என்ற ஊரில் உள்ள, பிற்காலச் சோழ மன்னன் வீரராசேந்திரனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1090 அளவில் எழுந்த சிறிய லைடன் செப்பேடு, கடாரத்து அரசனின் தூதர்களான இராசவித்தியாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் வந்து வேண்டிக்கொண்டதன்பேரில் நாகப்பட்டினத்துப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்கு வழங்கியதைப் பதிவு செய்கிறது. தனக்கென அரசனும் தூதரும் வைத்திருந்த நாட்டை மாகாணம் என்று எழுதுவதற்கு முன், திருமலையில் தொடங்கிய ஆண்டுவாரிப் பட்டியலில் இவ்விரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.