கலவன் என்று பிடுங்கி எறிந்தவை: பயிர் மரபு வளங்களைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பருவத்தில், எங்கள் விதை வங்கியின் பழைய விதையை விதைத்துப் புது விதை எடுக்கும் புதுப்பிப்பு வயலுக்குப் போனபோது வரப்பில் கம்புச் செடிகள் குவிந்து கிடந்தன. வேரோடு பிடுங்கியவை, இலைகூட இன்னும் வாடவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு இளைஞர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "கலவன் எல்லாம் எடுத்துவிட்டோம், ஐயா. பாத்தி இப்போது ஒரே சீராக இருக்கிறது" என்றார்கள். மற்றவற்றிலிருந்து மாறுபட்டுத் தெரியும் செடியைத்தான் கலவன் என்பார்கள். பாத்தி உண்மையிலேயே சீராகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவர்களைத் திட்ட வாய் வரவில்லை. 20 ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலையை இதே பெருமையோடு செய்தவன் நான்.

பையில் சீட்டு மாறுவது, பதிவேட்டில் எண் தவறுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் மாதத்திலேயே தாமாகத் திருந்திவிடும். சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் செய்யும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சேகரித்த மாதிரியை ஒரே சீரான ரகம் என்று நினைப்பது

விதை உற்பத்தியில் முதலில் கற்றுத்தருவது கலவன் நீக்கம். உயரம் மாறினால் பிடுங்கு, நிறம் மாறினால் பிடுங்கு, பூக்கும் நாள் தள்ளினால் பிடுங்கு. தூய்மைச் சான்றோடு விற்கும் விதைக்கு அது சரி. அந்தக் கையோடு விதை வங்கிக்கு வந்தால் வினைதான். நாட்டு ரகம் என்பது ஒரே அச்சில் வார்த்தது அல்ல, ஒரு கூட்டம். முன்னால் பூப்பதும் பின்னால் பூப்பதும், நெட்டையும் குட்டையும் சேர்ந்ததுதான் அந்த மாதிரி. மழை தவறிய ஆண்டில் ஒரு பகுதி காய்ந்தாலும் இன்னொரு பகுதி மணி பிடிக்கும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக அப்படிக் காப்பாற்றப்பட்ட கூட்டம் அது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு நாட்டுக் கம்பு மாதிரியின் முளைப்புத்திறன் இறங்கியிருந்தது. புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இடம் போதவில்லை என்று 40 செடிகள்தான் வைத்தேன். அதுவே முதல் தவறு. கதிர் வெளிவந்தபோது நான்கைந்து செடிகளில் மட்டும் மணிகளுக்கு நடுவே நீண்ட முள்முடிகள், புட்டி கழுவும் தூரிகையைப் போலச் சிலிர்த்து நின்றன. மற்ற கதிர்களெல்லாம் வழுவழுவென்று இருந்தன. முந்தைய பருவத்தில் உதிர்ந்த ஏதோ விதை முளைத்திருக்கிறது என்று நானே முடிவுகட்டி, மகரந்தம் உதிர்வதற்கு முன்பே முள்கதிர்களைப் பிடுங்கிவிட்டேன். வெகு தாமதமாகக் கதிர்விட்ட மூன்று செடிகளையும் விட்டுவைக்கவில்லை. பாத்தியைப் பார்த்த மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, பயிர்ப் பெருக்க ஆய்வாளர் ஒருவர் அந்த மாதிரியைக் குறிப்பிட்டுக் கேட்டார். பறவைச் சேதம் குறைந்த கம்பு அவருக்குத் தேவைப்பட்டது. முள்முடி உள்ள கதிரைப் பறவைகள் எளிதில் கொத்துவதில்லை. சேகரித்தவரின் கையேட்டில் ஒரு வரி இருந்ததாம்: "சில கதிர்களில் முள் உண்டு, குருவி அண்டாது என்பதால் விதைக்கு எடுக்கும்போது அவற்றையும் சேர்த்தே எடுப்பதாக விதை கொடுத்த பாட்டி சொன்னார்." அந்தக் கையேடு எங்கள் அலமாரியிலேயே இருந்தது. கணினிப் பதிவில் அந்த வரியை யாரும் ஏற்றவில்லை. நானும் திறந்து பார்க்கவில்லை. அனுப்பிய விதையை அவர் விதைத்தார். 200 செடிகளில் ஒரு முள்கதிர்கூட இல்லை. "பை மாறிவிட்டதோ?" என்று தன்மையாகக் கேட்டு எழுதினார். பை மாறவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிடுங்குவது ஒரு வழி என்றால், குறைவாக விதைப்பது சத்தமே இல்லாத இன்னொரு வழி. ஒரு குணம் 100 செடிகளுக்கு 5 செடிகளில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்த 10 செடிகளை வளர்த்தால், அந்தக் குணம் ஒன்றில்கூட இல்லாமல் போக 60 சதவீத வாய்ப்பு உண்டு. 20 செடிகள் என்றால் 36 சதவீதம். ஒன்றாவது சிக்கும் என்று 95 சதவீதம் நம்ப வேண்டுமானால் 59 செடிகள் வேண்டும். இது ஒரு தடவைக்கான கணக்கு. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் சீட்டை மறுபடி குலுக்குகிறோம். கம்பு, மக்காச்சோளம் போன்று வேறு செடியின் மகரந்தத்தால் மணி பிடிக்கும் அயல்மகரந்தப் பயிர்களுக்கு 100 செடிகளுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. இடமில்லை என்றால் அந்தப் பருவத்தில் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறேன்.

அறுவடையிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. எல்லாக் கதிர்களையும் ஒன்றாகப் போட்டு அடித்து, குவியலிலிருந்து ஒரு படி அள்ளினால், பெரிய கதிர்விட்ட பத்துச் செடிகளின் பிள்ளைகளே பைக்குள் நிறைந்துவிடும். செடிக்குச் சம எண்ணிக்கையில் விதை எடுத்துக் கலக்க வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

கம்பில் மகரந்தத்துக்கும் காவல் தேவை. அதில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதலில் வெளிவரும். அதே கதிரின் மகரந்தம் சில நாள் கழித்துத்தான் உதிரும். தனித்தனிக் கதிருக்கு உறை மாட்டினால் மணி சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் தன் மகரந்தத்தாலேயே பிடித்த தற்கலப்பாகிவிடும். ஆகவே அடுத்தடுத்த செடிகளின் கதிர்களை வளைத்துச் சேர்த்து ஒரே காகித உறைக்குள் விடுவோம். முந்திய கதிரின் மகரந்தம் பிந்திய கதிரின் சூல்முடிக்குக் கிடைக்கும், பக்கத்துப் பாத்தியின் மகரந்தம் உள்ளே வராது.

அப்படியானால் உண்மையான கலப்படமே வராதா என்று அந்த இளைஞர்கள் கேட்டார்கள். வரும். ஆனால் அதைக் கண்ணை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. முதலில் வந்த மூல விதையில் ஒரு பிடியைத் தனியே வைத்திருந்தால் அதனோடு ஒப்பிடலாம். சேகரித்தவரின் குறிப்பையும் பழைய படத்தையும் பார்க்கலாம். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், அந்தச் செடிகளுக்குத் தனியே உறை மாட்டி, விதையெடுத்துத் தனி எண் கொடுங்கள். பிடுங்கி எறிந்தால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

குளிரை நம்பி உலர்த்தலை மறப்பது

உறைபெட்டி வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பநிலை 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். தோராயமானதுதான், எல்லா ஈரப்பதத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் உலர்த்தலின் மதிப்பை அது புரியவைக்கும். உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட விதை வங்கித் தரநிலைகளின்படி, 5 முதல் 20 டிகிரி வெப்பநிலையிலும் 10 முதல் 25 சதவீதக் காற்று ஈரப்பதத்திலும் விதையை உலர்த்தி, காற்றுப்புகாமல் அடைத்து, நீண்டகாலத்துக்கு மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். நன்றாக உலர்ந்த விதையை அடிக்கடி புதுப்பிக்கத் தேவையில்லை. என்னைப் போன்றவர்கள் வயலில் கைவைக்கும் தடவைகளும் குறையும்.

குளிரிலிருந்து எடுத்த பையை உடனே பிரிப்பது

விதை வியர்க்கும். அறை வெப்பத்துக்கு வரட்டும், பிறகு பிரியுங்கள்.

எல்லா விதையையும் உறையவைப்பது

கொக்கோ, ரப்பர், மா, பலா விதைகள் உலர்த்தினால் செத்துவிடும். அவற்றுக்கு மரமாகவே வளர்த்துக் காக்கும் வயல் சேகரம், இல்லையேல் திசு வளர்ப்பு, சிறு திசுவை மிகக் கடுங்குளிரில் வைக்கும் மீத்தாழ் குளிர் முறை.

பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதுவது

1948-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாக் ஹார்லன் துருக்கியில் ஒரு கோதுமையைச் சேகரித்தார். ஒல்லியான தண்டு, சாயும் பயிர், இலைத் துரு தாக்கும், குளிர் தாங்காது, மாவும் ரொட்டிக்கு ஆகாது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் யாரும் அதைச் சீண்டவில்லை. 1960-களில் அமெரிக்காவின் வடமேற்கில் மஞ்சள் துரு நோய் கோதுமையை வாட்டியபோது, அதைத் தாங்கும் திறன் இந்த நோஞ்சானிடம் இருந்தது தெரியவந்தது. சிலவகைக் கரிப்பூட்டை நோய்களையும் அது தாங்கியது. முதல் ஆண்டு வயல் மதிப்பீட்டைப் பார்த்து, "பயனற்றது, நீக்கலாம்" என்று எழுதும் கைகளை இன்றும் பார்க்கிறேன்.

ஐந்து செடிகளைச் சோதித்துவிட்டு "எதிர்ப்புத்திறன் இல்லை" என்று எழுதுவது

இதுவும் மாதிரியைச் சீரான ரகமாக நினைப்பதன் குட்டிதான். நெற்பயிரைப் புல்லைப் போலக் குட்டையாக்கும் வைரஸ் நோய் ஒன்றைப் புகையான் பூச்சி பரப்பும். அதற்கு எதிர்ப்புத்திறன் தேடி, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. கிடைத்தது ஒன்றே ஒன்று: இந்தியாவிலிருந்து போன ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். அந்த மாதிரியிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை, ஒரு சில செடிகள் மட்டுமே தாங்கின. அந்தச் சிலவற்றின் வழியில்தான் 1976-இல் வெளியான ஐ.ஆர்.36 போன்ற ரகங்களுக்கு அந்தக் குணம் வந்தது. யாராவது அந்தக் காட்டு நெல்லைச் "சீர்" செய்திருந்தால்?

பின்கலப்பை எண்ணிக்கையால் அளப்பது

காட்டு இனத்தோடு கலந்த பயிரை மறுபடி மறுபடி நல்ல ரகத்தோடு கலப்பதுதான் பின்கலப்பு. ஆறு முறை செய்தாகிவிட்டது, காட்டு இனத்தின் வேண்டாத குணங்களின் சுமை போயிருக்கும் என்பார்கள். தக்காளியில் புகையிலைத் தேமல் வைரஸைத் தாங்கும் மரபணு ஒன்றைக் காட்டு இனத்திலிருந்து கொண்டுவந்தார்கள். 1989-இல், எந்தத் துண்டு எந்த இனத்தினுடையது என்று காட்டும் டி.என்.ஏ. குறியீடுகளால் சோதித்தபோது, 11 பின்கலப்புகள் கண்ட ஒரு ரகத்தில் அந்த மரபணு இருந்த குரோமோசோமின் ஒரு கரம் முழுவதும் காட்டு இனத்தினுடையதாகவே இருந்தது. மரபணுவின் இரு பக்கமும் குறியீடு வைத்து, காட்டுத் துண்டு குறைந்த செடியைத் தேர்ந்தெடுங்கள்.

பரிமாற்ற ஒப்பந்தம் இல்லாமல் விதை வாங்குவது

கூடாது. விதையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கொடுப்பவரிடம் எழுதி வாங்காவிட்டால், பிறகு அதிலிருந்து உருவாக்கிய ரகத்தை வெளியிட முடியாமல் நிற்பீர்கள்.

நகலை எந்த விதையிலிருந்து எடுக்கிறோம் என்று பார்க்காதது

பாதுகாப்புக்காக அதே விதையில் ஒரு பங்கை வேறோர் இடத்தில் வைப்பதுதான் நகல். அது வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த, வறண்ட பகுதி வேளாண்மைக்கான சர்வதேச ஆய்வு மையமான இகார்டாவின் விதை வங்கி போரால் கைவிட்டுப்போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் 2008 முதல் சேர்த்துவைத்த நகல்களை 2015-இல் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் பெருக்கினார்கள். ஆனால் நகல் எடுத்த நாளில் பையில் என்ன இருந்ததோ, அதுதான் திரும்பி வரும். முடிந்தால் புதுப்பிப்பதற்கு முந்தைய விதையிலிருந்து நகல் எடுங்கள். குறைந்தபட்சம் எத்தனையாவது தலைமுறை என்றாவது எழுதி வையுங்கள்.

அந்த முள்கதிருக்காக நகல் வைத்திருந்த இடத்துக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. பை பத்திரமாக இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த அறுவடைத் தேதி, நான் பிடுங்கிய பருவத்தினுடையது.