பெங்களூரில் இறங்கி ஊருக்குப் போகிறவர்களுக்கு: நம் சாலைகளின் பேச்சுவழக்கு

சேலம், தருமபுரி, ஈரோடு, கோவைப் பக்கம் ஊர் உள்ள வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் சென்னையை விட்டுவிட்டுப் பெங்களூரில்தான் இறங்குகிறார்கள். தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் கேட்கும் கேள்வி, "ஒரு காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கிட்டுப் போயிடவா?" பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்களுக்கு வருஷா வருஷம் இது வரும். சட்டப்படி தாராளமாக ஓட்டலாம். ஆனால் முதல் வாரம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நெரிசலுக்குப் பயந்து சொல்லவில்லை. நெரிசலில் வண்டி நகரவே நகராது, பெரிதாக அடிபட வழியில்லை. டொராண்டோவிலும் லண்டனிலும் பழகிய சாலை மரியாதை இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும், அதுதான் காரணம். நடைபாதை ஓரம் ஒருவர் நின்றால் உங்கள் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். உங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டெம்போக்காரருக்கு நீங்கள் நிற்பீர்கள் என்ற நினைப்பே கிடையாது. கொழும்பில் மஞ்சள் கோட்டில் கால் வைத்தால் வண்டி நிற்கும் என்று பழகியவர்களுக்கும் இதே சிக்கல். வழி விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கண்ணாடியைப் பாருங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மெல்ல வேகத்தைக் குறையுங்கள், வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள். அந்தக் கைச்சைகை பிரேக் விளக்கை விட இங்கே நன்றாக வேலை செய்யும்.

விளக்கும் ஹாரனும் சொல்வது என்ன

இங்கிலாந்தில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை மினுக்கினால் 'நீங்கள் போங்கள்' என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவில் எந்த மாநிலமானாலும் அதற்கு அர்த்தம் 'நான் வருகிறேன், நீ வராதே'. லண்டனிலிருந்து வருபவர்கள் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் இது. குறுகிய பாலத்தின் இரு முனையிலும் இரண்டு வண்டி நிற்கும்போது முதலில் லைட் அடித்தவருக்குத்தான் பாலம்.

ஹாரன் பெரும்பாலும் திட்டு இல்லை. 'உன் பக்கவாட்டில் இருக்கிறேன், தெரியுமா?' என்று கேட்பதுதான். லாரிகளின் பின்னால் ஹாரன் அடிக்கச் சொல்லியே எழுதியிருப்பார்கள். அதற்காகக் கோபப்பட வேண்டாம், நீங்களும் முந்தும்போது ஒரு சின்ன ஹாரன் கொடுங்கள். கொடுக்காமல் முந்துபவர்தான் இங்கே மரியாதை தெரியாதவர்.

நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டால் வண்டி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்சந்தியில் 'நேராகப் போகிறேன்' என்பதற்கும் போடுவார்கள், மழை பெய்தாலும் போடுவார்கள். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் இன்னும் குழப்பம். அவர் வலது பக்கம் திரும்பப் போகலாம், 'தாராளமாக முந்திப் போ' என்று உங்களுக்கு வழி சொல்லவும் செய்யலாம். உள்ளூர் ஓட்டுநர்கள் இண்டிகேட்டரை நம்புவதில்லை. கிளீனர் கையை ஆட்டுகிறாரா, லாரி கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் பின்னாலேயே போங்கள்.

ஊருக்கு ஊர் குணம்

பெங்களூரில் வேகம் குறைவு, பொறுமை கொஞ்சம் அதிகம். சில்க் போர்டு, ஹெப்பாள், டின் ஃபேக்டரி, மாரத்தஹள்ளி, இந்த நாலு இடத்துப் பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலை எட்டரையிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை இவற்றின் பக்கம் தலை வைக்காதீர்கள். நெரிசல் முற்றினால் பைக்குகள் நடைபாதையில் ஏறி வரும், நடந்து போகிறவருக்கே ஹாரன் அடிக்கும். ஒன்வேயிலும் எதிர்ப்பக்கமிருந்து ஸ்கூட்டர் வரும், ஆகவே சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். உள் தெருக்களில் 'ஹம்ப்' என்கிற வேகத்தடை பெயின்ட் இல்லாமல், பலகை இல்லாமல், மர நிழலில் படுத்திருக்கும். முன்னால் போகும் ஆட்டோ காரணமில்லாமல் மெதுவானால் அங்கே ஹம்ப் இருக்கிறது என்று அர்த்தம்.

மழை பெய்தால் சுரங்கப்பாதைக்குள் இறங்கவே இறங்காதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஒரு இளம்பெண் இறந்துபோனார். ஊரின் நட்டநடுவே, சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்குப் பக்கத்தில் நடந்தது அது.

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் ஆட்டோக்காரர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். "அண்ணா, மீட்டர் போடுவீங்களா?" என்று கேட்டால், "மேல முப்பது குடுங்க சார், திரும்பி வர சவாரி கிடைக்காது" என்று பதில் வரும். 2025 ஆகஸ்டிலிருந்து மீட்டர் கட்டணம் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு. அது விதிப்படியே உள்ளது, அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

சென்னையில் வேகமும் வாயும் அதிகம். ஷேர் ஆட்டோ எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கும், தண்ணீர் லாரி எதற்கும் நிற்காது. குறுக்கே போனால் "சாவுகிராக்கி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று ஒரு அர்ச்சனை விழும். அத்தோடு சரி, அடுத்த சிக்னலில் அதே ஆள் உங்களுக்கு வழி சொல்வார். மீட்டர் மட்டும் பெயருக்குத்தான்.

டெல்லியில் வாயோடு நிற்காது. சாலை அகலம், வண்டி வேகம், வார்த்தை முற்றினால் ஆள் இறங்கி வந்துவிடுவார். கரோல் பாக், ஆர்.கே. புரத்துத் தமிழர்கள் சொல்லும் ஒரே புத்திமதி: உரசினாலும் கண்ணாடியை இறக்காதே, கையைக் கூப்பிவிட்டுப் போய்க்கொண்டே இரு. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் விடியற்காலை நெடுஞ்சாலைப் பயணம் வேண்டவே வேண்டாம்.

ஒழுங்கு என்று பார்த்தால் என் ஓட்டு மும்பைக்கு. லேன் மாறினாலும் ஒரு அளவோடு மாறுவார்கள், ஆட்டோவும் டாக்ஸியும் கேட்காமலே மீட்டர் போடும். ஆனால் பாந்த்ரா, சயனுக்குத் தெற்கே ஆட்டோ வராது. மாட்டுங்காவில் அத்தை வீடு என்றால் டாக்ஸிதான். பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்திலும், 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவிலும் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை.

ஓசூர் தாண்டி

பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் போகிற முக்கிய வழி 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. அத்திப்பள்ளியில் எல்லை, அப்புறம் ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி. அங்கே சென்னைக்குப் போகிறவர்கள் பிரிந்துவிடுவார்கள், சேலத்துக்குப் போகிறவர்கள் நேரே தருமபுரி.

சாலை நன்றாக இருக்கிறது என்பதே இதில் ஆபத்து. வண்டி நூறில் ஓடும், திடீரென்று நடுத்தடுப்பின் இடைவெளியில் ஒரு டிராக்டர் மூக்கை நீட்டும். பாரம் ஏற்றிய லாரிகள் வலது லேனைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும், எல்லோரும் இடப்பக்கமாக முந்துவார்கள். அதே இடது ஓரத்தில்தான் யூ-டர்ன் வரை போகச் சோம்பல்பட்டவர் பைக்கில் உங்களை நோக்கி வந்துகொண்டிருப்பார். கனடா, பிரான்ஸ், ஜெர்மனிக்காரர்களுக்கு இங்கே இன்னொரு கண்டமும் உண்டு. வலப்பக்க ஓட்டத்துக்குப் பழகியவர்கள் காலியான சாலையில், டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் தப்பான பக்கம் ஏறுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் "இடது, இடது" என்று சொல்லட்டும்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய். சேலம் நோக்கிப் போகும்போது நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதிய விபத்துகள் அங்கே பல நடந்திருக்கின்றன. கீழ் கியரில் இறங்குங்கள், இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாதீர்கள், படம் எடுக்க ஓரம் கட்டாதீர்கள். இருட்டுவதற்குள் இந்த இடத்தைத் தாண்டும்படி கிளம்புவது நல்லது.

டிரைவரோடு போனால்

என் கட்சி இதுதான். வண்டி பேசும்போதே டோல், தமிழ்நாட்டு பெர்மிட், டிரைவர் பேட்டா (தினப்படி) எல்லாம் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அத்திப்பள்ளியில் பேச்சு ஆரம்பிக்கும். இரவு விமானத்தில் வந்திறங்கினால் டிரைவர் தூங்கினாரா என்று கேட்பதில் தவறே இல்லை. "அண்ணே, வழியில ஒரு டீ போட்டுட்டுப் போலாம்" என்று நீங்களே நிறுத்தச் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

பின் சீட் பெல்ட் பற்றி ஒன்று. பெல்ட் தொங்கும், மாட்டும் கொக்கியைக் காணோம் என்பீர்கள். புது சீட் கவர் போட்டபோது கொக்கி அதற்கு அடியில் போயிருக்கும். சீட்டுக்கும் முதுகுப் பக்கத்துக்கும் இடையே கையை விட்டு இழுத்தால் வரும். வராவிட்டால் டிரைவரைக் கவரைத் தூக்கச் சொல்லுங்கள், "பின்னாடி எதுக்கு சார்?" என்று அவர் சிரித்தாலும் பரவாயில்லை. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மும்பைக்கு வரும் நெடுஞ்சாலையில் இறந்தபோது பின் சீட்டில் பெல்ட் போடாமல்தான் இருந்தார். குழந்தை சீட் வாடகை வண்டியில் கிடைக்காது, கையோடு கொண்டு வாருங்கள்.

நீங்களே ஓட்டுவதானால்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் நாட்டிலேயே வாங்க வேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுப்பதுதான் இந்தியாவுக்கு, ஒரு வருஷம் செல்லும். பிரிட்டனில் 1968 வகையும் தருகிறார்கள், மாற்றி வாங்கிவிடாதீர்கள். உங்கள் அசல் லைசென்ஸும் கூடவே இருக்கட்டும். மச்சானின் புல்லட்டை ஒரு ரவுண்டு எடுக்க ஆசை வரும். உங்கள் லைசென்ஸில் மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

ஓட்டுநர் இல்லாத வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை யாராவது வாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம், அடிபட்டால் காப்பீட்டில் வம்பு. டோல் கட்டும் ஃபாஸ்டாக் ஸ்டிக்கரில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் டோலில் கூடுதலாக அழ வேண்டும். பெங்களூரில் கேமரா பிடிக்கும் அபராதம் உடனே தெரியாது, நீங்கள் ஊர் திரும்பிய பிறகு முன்பணத்தில் கழியும்.

குடித்துவிட்டு ஓட்டுவதில் சலுகையே இல்லை. இங்கே வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. அங்கே 'ஒரு பைன்ட்தானே' என்று தப்பிக்கும் கணக்கு இங்கே செல்லாது. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் வழி உண்டு.

விபத்து என்றால் 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033. கூட்டம் கூடினால் பதற வேண்டாம். முக்கால்வாசிப் பேர் உதவிக்குத்தான் வருவார்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வழிப்போக்கர்மேல் வழக்கு வராது என்று 2019 சட்டத் திருத்தமே சொல்கிறது.

திரும்பும்போது ஓசூர் பக்கமிருந்து வந்தால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் மூன்றையும் தாண்டித்தான் விமான நிலையம். கையில் பெரிய பெட்டி இல்லையென்றால் பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறிவிடலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை சில்க் போர்டைத் தாண்டி ஆர்.வி. ரோடு வரை போகும். விமான நிலையத்துக்கு மெட்ரோ இன்னும் போகாததால் மிச்சத் தூரத்துக்கு டாக்ஸியோ வாயு வஜ்ரா என்கிற விமான நிலைய பஸ்ஸோதான். இரவு பத்து மணி விமானத்துக்கு ஓசூரிலிருந்து மதியம் இரண்டு மணிக்கே கிளம்புங்கள்.