அலையாத்தி ஓடையில் மீன் குஞ்சு எண்ணுவது எப்படி? (வேலூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு)

வேலூர்ப் பக்கம் விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் பிராஜெக்டுக்கு, சிதம்பரம் பக்கத்து அலையாத்திக் காடான ‘பிச்சாவரம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் ‘வலையை எப்போண்ணா கட்டணும்?’ என்று போன் வருகிறது. பாலாற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குகிற தண்ணீர் பிடிபடக் கொஞ்சம் நாளாகும். எக்ஸெல், புள்ளியியல் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பிச்சாவரம் காப்புக்காடு. வனத்துறை அனுமதி கைக்கு வருவதற்கு முன் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

மீன் மார்க்கெட்டில் பொடி மடவை, காரப்பொடி, கிழங்கான் கால் கால் கிலோ வாங்கித் தட்டில் பரப்பிப் பாருங்கள். மடவைக்கு முதுகுத் துடுப்பு இரண்டு, தனித்தனியாக இருக்கும்; முன்னதில் 4 முள். காரப்பொடியின் வாயை மெல்ல இழுத்தால் குழாய் மாதிரி நீளும். ஓடையில் சிக்கும் விரல்நுனி அளவுக் குஞ்சிலும் லென்ஸ் வைத்து இதையேதான் தேடப்போகிறீர்கள். பார்த்து முடித்ததும் குழம்பு வைத்துவிடலாம்.

2. எந்த வலை

வீச்சுவலை வேண்டாம். சுரபுன்னையின் முட்டுவேரில் மாட்டிக் கிழியும். குஞ்சுகள் பெரிய மீனுக்குப் பயந்து ஒதுங்குவதே அந்த வேருக்குள்தான். வெட்டவெளியில் வீசி எண்ணிவிட்டு ‘இங்கே குஞ்சு இல்லை’ என்று எழுதினால் அது வலையின் குறை, ஓடையின் குறை இல்லை.

ஓடை வாயையே அடைக்கிற வலைதான் என் கட்சி. முடிச்சில்லாத நைலான், கண் 3 அல்லது 4 மி.மீ. கொசுவலைத் துணி மலிவுதான். ஆனால் இலையும் சேறும் அடைத்து, தண்ணீர் தள்ளித் தள்ளி வலையே சாய்ந்துவிடும்.

3. தண்ணீர்க் கணக்கு

எல்லாரும் சறுக்குகிற இடம் இது. சர்வே ஆஃப் இந்தியாவின் ஏற்றவற்ற அட்டவணை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப்பட்டியல்) துறைமுகங்களுக்கானது. சின்னவாய்க்கால் முகத்தில் நுழைகிற கடல்நீர் வளைந்து நெளிந்து உங்கள் ஓடைக்கு வந்துசேர நேரமாகும். எவ்வளவு நேரம் என்பது ஓடைக்கு ஓடை மாறும். மொபைல் ஆப் காட்டுகிற நிமிஷத்தை நம்பி வலை கட்டினால், பாதி மீன் அதற்குள் வெளியே போயிருக்கும்.

செலவில்லாத வழி: ஒரு மூங்கிலில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட்டில் போட்டு, முதல் நாளே ஓடையில் நடுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டத்தைக் குறியுங்கள். மட்டம் ஏறி முடித்து, இறங்காமல் நிற்கிற நேரம்தான் உங்கள் உச்சம். மறுநாள் அது சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும்.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் ஓடை சரியாக வடியாது, குஞ்சுகள் உள்ளேயே தங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுவெள்ளம் இந்தக் கணக்கையே கலைத்துவிடும்.

4. கட்டுதல்

நாலைந்து மீட்டர் அகலமுள்ள கிளை ஓடை போதும். வற்றத்தின்போதே சவுக்குக் கழிகளை நட்டு, வலையின் அடியிலுள்ள ஈயக்குண்டுக் கயிற்றைச் சேற்றில் காலால் மிதித்து அழுத்திவிடுங்கள். வலையைச் சுருட்டித் தரையோடு வையுங்கள். உச்சத்தில் சத்தமில்லாமல் தூக்கிக் கட்டவேண்டும். தண்ணீர் வடிய வடிய மீன் வலையின் பைக்குள் வரும். பக்கத்தில் ஆள் நிற்கட்டும். கொக்கு உங்களுக்கு முன்னால் எண்ண ஆரம்பித்துவிடும். உள்ளே தேங்கிய குட்டைகளையும் கைவலையால் துழாவுங்கள்.

5. அளவும் ஃபார்மலினும்

மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும். குஞ்சுக்கு வால் நுனி சுலபமாக முறியும். பதப்படுத்தினால் உடல் சுருங்கும், அதனால் அங்கேயே அளந்துவிடுங்கள். தேவையான மாதிரி போக மிச்சத்தை உயிரோடு விட்டுவிடுங்கள்.

கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, கொஞ்சம் போராக்ஸ். போராக்ஸ் இல்லாவிட்டால், மீன் தலைக்குள் இருக்கும் வயது காட்டும் காதுக்கல்லை அமிலம் அரித்துவிடும். அப்புறம் வயது பார்க்க ஒன்றும் மிஞ்சாது. டி.என்.ஏ. பார்ப்பதாக இருந்தால் ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், ஆல்கஹால்தான்.

பின்சேர்க்கை: ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி, ‘வலையில் நிறைய வந்தது, இதை மீன் குஞ்சு வளரும் நாற்றங்கால் (நர்சரி) என்று எழுதலாமா?’ என்று கேட்டிருந்தார். கூடாது தம்பி. 2001-ல் கடல் சூழலியலாளர் பெக் குழுவினர் வைத்த வரையறைப்படி, மற்ற இடங்களைவிட ஒரு சதுர அலகுக்கு அதிகக் குஞ்சுகள் அங்கிருந்து வளர்ந்து, பெரிய மீன் கூட்டத்தோடு போய்ச் சேரவேண்டும். உங்கள் வலை காட்டுவது அடர்த்தியை மட்டும்தான், அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று: வலை உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிய, துடுப்பு ஓரத்தை லேசாக நறுக்கிய சில மீன்களை உச்சத்தின்போது உள்ளே விட்டு, வடிந்தபின் எத்தனை திரும்புகிறது என்று பாருங்கள். அந்த விகிதத்தையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிடுங்கள். வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.