போதைச் சோதனை: கடற்கரைச் சாலையில் காவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலையில் மண்டபத்தில் கரையேறி, பைக்கில் உச்சிப்புளிப் பக்கம் வீடு திரும்பும் மீனவரைச் செக்போஸ்டில் நிறுத்திப் பாருங்கள். உப்புக்காற்றிலும் தூக்கமில்லாமலும் கண் சிவந்திருக்கும். இரவெல்லாம் படகில் ஆடிய உடம்பு தரையிலும் லேசாகத் தள்ளாடும். பேச்சு இழுக்கும். ஒரு சொட்டுகூடக் குடித்திருக்க மாட்டார். இதைப் பார்த்தே "தண்ணியடிச்சிருக்கான்" என்று முடிவுகட்டுவதுதான் இந்தக் கரையில் பெரிய தவறு. கண்ணையும் நடையையும் பார்த்துச் சந்தேகப்படலாம். வழக்குப் போட அளவு வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்வது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால்.

கோடு போட்டு நடக்கச் சொல்வதும் ஒற்றைக்காலில் நிறுத்துவதும் அமெரிக்கப் போலீசாரின் முறை. அங்கேயே அதற்குக் காய்ந்த, சமமான தரை வேண்டும் என்பார்கள். கச்சான் காற்று மணலை வாரியிறைக்கும் தனுஷ்கோடிச் சாலையில் குடிக்காதவருக்கே கால் வழுக்கும்.

மூச்சை ஊதவைத்து ஆல்கஹால் அளக்கும் மெஷினிலும் அவசரம் கூடாது. இப்போதுதான் குடித்தவர், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்தவர் உடனே ஊதினால், வாயில் தங்கியதும் சேர்ந்து அளவு கூடிவிடும். 15 நிமிடம் பக்கத்திலேயே உட்காரவைத்து, எதுவும் குடிக்கவோ புகைக்கவோ விடாமல் பிறகு ஊதச் சொல்லுங்கள். மெஷின் பூஜ்யம் காட்டுவதை அவரும் பார்க்கட்டும்; ஊதுகுழாயை அவர் கண்முன் புதிதாக மாட்டுங்கள். ஒருவர் எச்சில் பட்டதை அடுத்தவர் வாயில் வைப்பது அநியாயம்.

ஊத மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். அதே சட்டத்தின் 203-ஆம் பிரிவில் கைது செய்யலாம், 204-இல் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். பெண் என்றால் பெண் மருத்துவர் எடுக்க வேண்டும், அல்லது ஒரு பெண் உடனிருக்க வேண்டும். கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் விடுவித்தாக வேண்டும். அரிச்சல்முனையில் பிடித்துவிட்டு மற்ற வண்டிகளுக்காகக் காத்திருந்தால், ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கரைந்துவிடும்.

மெஷின் பூஜ்யம் காட்டியும் ஒருவர் உளறினால் "போ" என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கஞ்சாவோ மாத்திரையோ அதில் தெரியாது. சர்க்கரை இறங்கியிருக்கலாம், விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். வண்டியை ஓரங்கட்டி, முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.