கூட்டுத் தோட்டம்: வசந்தம் முடியும் நேரத்து வேலைகள்

எங்கள் தோட்டத்தில் பூச்சி அரித்துச் செத்த செடிகளைவிட அக்கறையால் செத்தவைதான் அதிகம். போன வருடம் வெள்ளரிப் பாத்திக்குக் காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர், சாயங்காலம் நான் என்று மூன்று பேரும் தண்ணீர் ஊற்றி, வேர் அழுகிய பிறகுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

அதனால் முதல் வேலை, கருவிகள் வைக்கும் இடத்தில் ஒரு நோட்டையும் பென்சிலையும் கட்டித் தொங்கவிடுவது. தேதி, எந்தப் பாத்தி, என்ன செய்தோம், அவ்வளவு போதும். வாட்ஸ்அப் குழு இருக்கட்டும், ஆனால் கையெல்லாம் மண்ணாக இருக்கும்போது யாரும் போனைத் தொடுவதில்லை.

இரண்டாவது, தண்ணீர். பூவாளியைத் தூக்கும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்று வேண்டாம். வேர் பிடித்த செடிகளுக்குத் தினமும் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழமாக இறங்கும்படி ஊற்றுவதே மேல். இப்போது போட்ட விதைக்கும் நட்ட நாற்றுக்கும் மட்டும் மேல்மண் காயக் கூடாது.

மூன்றாவது, நாற்று. இரவில் உறைபனி நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் வளர்ந்த தக்காளி நாற்றை நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 7 முதல் 10 நாளில் முழுக்க வெளியே விடலாம்.

களையைக் காய்ந்த காலையில், பூக்கும் முன்னால் கொத்திப் போடுங்கள், வெயிலே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கேரட்டைக் கலைக்கத்தான் எல்லோருக்கும் மனசு வராது. நெருக்கமாக விட்டால் குச்சி குச்சியாகத்தான் கிடைக்கும், எனவே 5 செ.மீ. இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். பிடுங்கியதை அங்கேயே போடாதீர்கள், அந்த வாசனைக்குக் கேரட் ஈ தேடி வரும்.

உருளைக்கிழங்குச் செடி 20 செ.மீ. வளர்ந்ததும் தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்து அணையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் நச்சு சேரும், சாப்பிட ஆகாது.

கடைசியாகக் கொடித் தக்காளி, அதாவது குச்சி நட்டுக் கட்டி உயரமாக வளர்க்கும் வகை. இலைக்காம்பும் தண்டும் சேரும் கவட்டில் எட்டிப் பார்க்கும் குருத்தை, விரல் நீளம் ஆகும் முன் கிள்ளிவிடுங்கள். புதர் வகையைத் தொட வேண்டாம். கிள்ளிய கையோடு நோட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் கிள்ள எதுவும் கிடைக்காமல் நுனியைக் கிள்ளிவிட்டுப் போவார்.